உடைத்தால் போதும்

கணக்கு நோட்டில் இரண்டு பத்தி போட்டிருக்கிறேன்.
இடது பக்கம் ரூபாய்.
வலது பக்கம் மூச்சு.

ஸ்டான்லியில் கொடுத்த பிளாஸ்டிக் குழாயில்
மில் திறக்குமுன் ஓர் ஊது, சாத்திய பின் ஓர் ஊது.
சிவப்பு முள் நிற்கிற எண்ணை எழுதி வைக்கிறேன்.
கோதுமை நாளில் முந்நூறு.
சீயக்காய் நாளில் இருநூற்று நாற்பது.
மிளகாய் நாளில் எண் இல்லை, ஒரு கோடு.
ஞாயிறு, பெல்ட் ஓடாத நாள்,
முந்நூற்று அறுபது.
அன்றைக்கு ரூபாய்ப் பத்தி காலி.

கிளிஃபோர்ட் வந்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம்.
பெரம்பூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு,
ரயில்வேயில் சிக்னல் வேலை.
சைக்கிள் கேரியரில் ஐந்து கிலோ பார்லி,
முளைகட்டிக் காய வைத்தது.
பையைப் பிரித்ததும் பொட்டுக்கடலைக்கும்
பிஸ்கட்டுக்கும் நடுவில் ஒரு வாசனை.

"மாவாக்க வேண்டாம்க்கா, உடைச்சா போதும்.
ஒண்ணு ரெண்டாகணும், மூணானாலும் சரி.
உமி மட்டும் கிழியக் கூடாது."

பதினெட்டு வருஷமாய் இந்த வாசலில்
நைசா, இன்னும் நைசா, இன்னொரு தடவை விடுங்க
என்றுதான் கேட்டிருக்கிறேன்.
உடைத்தால் போதும் என்று ஒருவன்.

"கஞ்சிக்கா?"
"ஒரு மாதிரிக் கஞ்சி. புளிக்க வைக்கிறது."
சிரித்தான். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.
மில்லுக்குள் வரும்வரை எல்லாமே தானியம்,
வெளியே போனதும் அவரவர் பாடு.

அரை டம்ளர் தண்ணீர் கேட்டான்.
குடிக்க என்று நினைத்தேன்.
தாம்பாளத்தில் பார்லியைக் கொட்டி,
விபூதி தெளிப்பதுபோல் விரலால் தெளித்து,
புரட்டிப் புரட்டிப் பிசறினான்.
"ஐயோ, ஈரம் பட்டால் கல் அடைச்சுக்கும்!"
"அடைக்காது. உமி மட்டும் தோல் மாதிரி இளகும்.
பத்து நிமிஷம் பொறுங்க."
அடைத்தால் கொத்துக்கூலி யார் கொடுப்பது என்று கேட்டேன்.
தான் கொடுப்பதாகச் சொன்னான்.

திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன்.
ஸ்விட்சில் கை வைத்தபோது ஆளைக் காணோம்.

எல்லோரும் உள்ளே நிற்பார்கள்.
என் கை அவர்கள் மாவில் நீளுகிறதா என்று
தூசிக்குள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டு.
இவன் தெருவுக்கு அந்தப் பக்கம்,
காற்று வருகிற திசையில்,
மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க்கோடு.
சட்டைப் பையில் நீலமாக ஒன்று துருத்திக்கொண்டிருந்தது.
என் முந்தானை முடிச்சில் இருக்கிற
அதே நீலம்.

"காலையில அடிக்கிற பிரௌனை விடாதீங்க"
என்று கத்தினான், பெல்ட் சத்தத்துக்கு மேல்.
யாரிடமும் சொன்னதில்லை நான்,
அது தீர்ந்து இருபது நாளாகிறது.

மூன்று மணிக்கு ஜன்னலில் வெயில் விழும்.
எப்போதும் அது ஒரு தூண்,
வெள்ளையாய், தடியாய்,
சாய்ந்துகொள்ளலாம் போல் இருக்கும்.
அன்றைக்கு வெயில் தரையில் இருந்தது,
நடுவில் ஒன்றுமில்லை.
கையை நீட்டிப் பார்த்தேன்.
கை மட்டும் தெரிந்தது.

கல் அடைக்கவில்லை.
இரவு எண் முந்நூற்று இருபது.
பக்கத்தில் பார்லி என்று எழுதினேன்.

மிளகாயில் தண்ணீர் தெளிக்க முடியாது.
அரிசி மாவு ஈரமானால் மூன்றாம் வீட்டு தனலட்சுமி
மறுநாளே பூஞ்சணத்தோடு வந்து நிற்பாள்.
துடைப்பத்தை மட்டும் நிறுத்திவிட்டேன்,
ஈரச் சாக்கால் இழுக்கிறேன்.
மாவு வாயில் கட்டிய துணிப்பைக்கு
இன்னொரு முழம் நீளம்.
இருபத்தோராம் நாள் பிரௌன் வாங்கினேன்,
எண்ணெய்க்காரனுக்குக் கடன் சொல்லிவிட்டு.

வெள்ளி. மிளகாய்.
வாசலில் ஏழு பேர், ஏழு தும்மல்.
எதிர்ச் சாரியில் கிளிஃபோர்ட் சைக்கிளில் போனான்.
நிற்கவில்லை. நிற்கவும் கூடாது.
சட்டைப் பையை இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினான்.

சிவந்த கையை உதறிவிட்டு
முந்தானை முடிச்சைத் தொட்டேன்.